பெண் குழந்தைக்குச் சின்னதாக ஒரு பழைய பெயர்: பட்டியலிலிருந்து பதிவு நாள் வரை

நான்கு பெண் பிள்ளைகளுக்கு நான் அத்தை. தொட்டிலில் போடும் நாளில் குழந்தையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்வது எங்கள் வீட்டில் அத்தையின் வேலை, அதனால் ஒவ்வொரு பெயரும் எப்படி முடிவானது, எங்கே இழுபறியானது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அப்புறம் வேலையிடத்துத் தோழிகள், எங்கள் மாடியில் குடியிருப்பவர்கள் என்று இன்னும் ஐந்தாறு பேருடன் உட்கார்ந்து பட்டியல் போட்டாயிற்று. பினாங்கில் இப்போது நிறைய இளம் பெற்றோர் பாட்டி காலத்துச் சின்னப் பெயரைத்தான் தேடுகிறார்கள். பெயர் கிடைக்கிறது. தடுமாறுவது வரிசையில். முதலில் நட்சத்திரம், அடுத்து எண் கணிதம், பிறகு குடும்ப வாட்ஸ்அப், கடைசியாகப் பதிவிலாகாவில் நம்பர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபடி எழுத்துக்கூட்டல் என்று போகிறார்கள். கிட்டத்தட்ட தலைகீழாகச் செய்தால்தான் சரியாக வரும்.

காரணம் இதுதான். நீளமான பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பெயர் அடையாளம் தெரியும். இரண்டு மூன்று எழுத்துப் பெயரில் ஒன்று பிசகினால் அது வேறு சொல்லாகிவிடும்.

1. தொடங்கும் முன்: தேதியும் அப்பா பெயரும்

தீபகற்ப மலேசியாவில் பிறப்பைப் பதிய 60 நாள் இருக்கிறது. ஆனால் யாரும் 60 நாள் காத்திருப்பதில்லை. 2023 ஜனவரியிலிருந்து வேலைச் சட்டப்படி அப்பாவுக்குத் தொடர்ந்து 7 நாள் விடுமுறை, அம்மாவுக்கு 98 நாள்; அந்த 7 நாளுக்குள் பதிந்துவிட்டு வேலைக்குத் திரும்பலாம் என்றுதான் அப்பாமார் நினைக்கிறார்கள். அப்படியென்றால் பெயர் பிரசவத்துக்கு முன்பே பெரும்பாலும் முடிந்திருக்க வேண்டும். ஏழாம் மாதத்தில் தொடங்குங்கள். பிறந்த பிறகு தொடங்கினால் தூக்கமில்லாத இரண்டு பேர் அவசரத்தில் எடுக்கும் முடிவாகிவிடும்.

அப்பாவின் பெயரை அடையாள அட்டையில் இருக்கிறபடியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கில எழுத்திலும் தமிழிலும். இது ஏன் முதலிலேயே வேண்டும் என்பது ஆறாம் படியில் தெரியும்.

2. பட்டியலை வீட்டுப் பெரியவர்களிடமிருந்து எடுங்கள்

இணையப் பட்டியலில் ‘பழைய பெயர்’ என்று வருபவை பாதி நேற்று உண்டாக்கியவை. வீட்டில் அதிக வயதான பெண்மணியிடம் போய் உட்காருங்கள். “பாப்பாவுக்கு என்ன பெயர் வைக்கலாம்?” என்று கேட்காதீர்கள், உடனே அவர் இப்போது கேள்விப்படும் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். “உங்க அம்மாவோட அக்கா தங்கச்சி பேரெல்லாம் என்ன? லயத்துல பக்கத்து வீட்டுல யார் யார் இருந்தாங்க?” என்று கேளுங்கள். பினாங்கின் பிறை பக்கத்தில் ஒரு தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தைப் பற்றி என் அம்மாவிடம் இப்படிக் கேட்டபோது ஒரே மூச்சில் பதினெட்டுப் பெயர் வந்தது. அஞ்சலை, தங்கம், பொன்னி, சரசு, அலமு, கோதை, அல்லி, ராசம்மா, பாப்பாத்தி...

நீளமான பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் சின்னப் பெயர் அதற்குள்ளேயே இருக்கும். வள்ளியம்மையில் வள்ளி, பொன்னம்மாவில் பொன்னி, கோதைநாயகியில் கோதை, அலமேலுவில் அலமு. இவற்றை நாம் புதிதாக வெட்டத் தேவையில்லை, வீட்டில் ஏற்கெனவே அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள். நாமாக வெட்டினால் ஒட்டாது.

பழைய பெயரிலும் இரண்டு அடுக்கு இருக்கிறது. நேதாஜியின் ஜான்சி ராணிப் பெண்கள் படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பன், ராசம்மா பூபாலன் காலத்துப் பெயர்கள் ஓர் அடுக்கு. நம் அம்மா, சின்னம்மா வயதுக்காரர்களின் உஷா, லதா, மாலா, கீதா, சாந்தி இன்னோர் அடுக்கு. முதல் அடுக்கு ஒரு சுற்று சுற்றிப் புதிதாகிவிட்டது. இரண்டாவது அடுக்குப் பெயரைச் சொன்னதும் கேட்பவருக்கு யாரோ ஒரு டீச்சர் அல்லது ஆன்ட்டி முகம் வரும். எனக்கு அந்தப் பெயர்களும் பிடிக்கும், ஆனால் அந்த முகம் வரும் என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. உயிரோடு இருக்கும் மாமியாரின் பெயரை வைக்கிறீர்கள் என்றால், மருமகளிடம் தனியாக ஒரு தடவை கேளுங்கள். மாமியார் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்ற பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. என் பெரிய அண்ணி, பொன்னி என்று பெயரிட்ட மகளை இன்றுவரை ‘அம்மு’ என்றுதான் கூப்பிடுகிறார். பிள்ளைக்கு இப்போது பதினொரு வயது. பொன்னி என்று கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பாள்.

3. எழுதுவதற்கு முன் கூப்பிட்டுப் பாருங்கள்

பட்டியலைப் பத்துப் பன்னிரண்டுக்குக் குறைத்ததும் ஒவ்வொன்றையும் சத்தமாக, அடுப்படியிலிருந்து ஹாலுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடுங்கள். உமா, ரமா, பாமா, மீனா மாதிரி நெடிலில் முடிவது தூரத்துக்குப் போகும், வேண்டிய மட்டும் இழுக்கலாம். ‘ஐ’யில் முடிவது பேச்சில் குறுகிவிடும்: கோதை ‘கோத’ ஆகும், மங்கை ‘மங்க’ ஆகும், அஞ்சலை ‘அஞ்சல’ ஆகும். அது குறையில்லை. ஆனால் வீட்டில் தினமும் கேட்கப்போவது அந்தக் குறுகிய ஒலிதான், அதனால் அதையும் பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கம், செல்லம், பாப்பா போன்றவை அழகான பெயர்கள்தான். ஆனால் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் எல்லாப் பிள்ளைகளையும் நாம் தங்கம், செல்லம் என்றுதான் அழைக்கிறோம். கூட்டத்தில் யாரோ ‘தங்கம்’ என்றால் அவளுக்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது.

ஏற்கெனவே அக்காவோ அண்ணனோ இருந்தால் இரண்டு பெயரையும் அடுத்தடுத்துக் கத்திப் பாருங்கள். உமாவும் ரமாவும் ஒரே வீட்டில் இருந்தால் கூப்பிட்டது யாரை என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள்.

4. மலாய்க் காதில் எப்படி விழுகிறது

இதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் வீட்டில் எல்லாரும் தமிழ்க் காதோடுதான் கேட்கிறோம். பிள்ளை கிளினிக்கிலும் பள்ளியிலும் பிறகு வேலையிடத்திலும் மலாயில்தான் பெரும்பாலும் அழைக்கப்படுவாள்.

கலா என்பது ‘காலா’ என்று கேட்கும். மலாயில் ‘காலாஹ்’ என்றால் தோற்றுப்போவது. விளையாட்டுப் போட்டி நாளில் அந்தப் பெயரை என்ன செய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பாலா என்றால் மலாயில் பேரிடர். மாலாவைக் கேட்டதும் இன்றைய பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது காரமான சீனச் சூப்புதான். அல்லியை ஓர் எழுத்துக் குறைத்தால் அலி, ஓர் ஆண் பெயர். கோதையை ‘டி, எச்’ போட்டு எழுதினால் மலாய்க்காரர் அதை ‘கோ-தாய்’ என்று வாசிப்பார். பேச்சு மலாயில் ‘கோ’ என்றால் நீ, ‘தாய்’ என்பது கழிவு. பள்ளிக்கூடத்தில் அது போதும். ‘டி, எச்’ இரண்டையும் விட்டுவிட்டு, ‘தேவி’யை ஆங்கில எழுத்தில் எழுதும்போது முதலில் வரும் எழுத்தைப் போட்டால் பிரச்சினை தீர்ந்தது.

நல்லபடியாக விழுபவையும் உண்டு. ரமாவை இரண்டு தடவை சொன்னால் மலாயில் வண்ணத்துப்பூச்சி. லதாவின் ஒலியில் அருவிக்கு ஒரு சொல் இருக்கிறது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகிற வழியில் லாத்தா இஸ்கந்தார் பலகையைப் பார்த்திருப்பீர்கள். தேவி என்றால் அவர்களுக்கும் தேவிதான்.

சோதிக்க எளிய வழி: பெயரை நீங்கள் சொல்லாதீர்கள். தாளில் எழுதி ஒரு மலாய்த் தோழியிடமும் ஒரு சீனத் தோழியிடமும் நீட்டி, வாசிக்கச் சொல்லுங்கள். முதல் தடவை அவர்கள் வாயில் வருவதுதான் உங்கள் மகள் வாழ்நாள் முழுக்கக் கேட்கப்போவது.

5. ரூமி எழுத்து: இங்கேதான் அதிக நேரம் செலவாக வேண்டும்

பிறப்புப் பத்திரத்தில் பெயர் ரூமியில், அதாவது மலாயை எழுதும் ஆங்கில எழுத்தில், மட்டும்தான் இருக்கும். தமிழில் எப்படி எழுதுவது என்பது அதில் எங்கும் இருக்காது. பிள்ளை தமிழ்ப்பள்ளியில் சேரும்போது ஆசிரியை ரூமியைப் பார்த்துத்தான் தமிழில் எழுதுவார்.

எங்கள் இரண்டாவது பெண்ணுக்கு வள்ளி என்று பெயர். பதியும்போது ‘எல்’ இரண்டு வேண்டிய இடத்தில் நாங்கள் ஒன்றுதான் போட்டோம், அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஒன்றாம் ஆண்டு முதல் வாரம் பள்ளியிலிருந்து வந்தவள் பையைத் திறந்து நோட்டுப் புத்தகத்தைக் காட்டினாள். பழுப்புத்தாள் அட்டையில், பென்சிலில், அழுத்தி அழுத்தி, வரிக்குள் அடங்காத பெரிய எழுத்தில் ‘வலி’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியை வருகைப் பதிவேட்டில் எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறாள். அவளுக்கு அது சந்தோஷம்தான், தன் பெயரைத் தானே எழுதிவிட்டாளே. என் தம்பிதான் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். தப்பு ஆசிரியையுடையது இல்லை, எங்களுடையது.

அதனால் ஒவ்வொரு பெயரையும் ரூமியில் எழுதி, பெயரே தெரியாத ஒரு தமிழரிடம் கொடுத்து, திரும்பத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதுவது உங்கள் பெயரானால் சரி.

அடிக்கடி நடக்கும் பிசகுகள் சில:

நெடிலைக் காட்ட ‘ஏ’ எழுத்தை இரட்டிப்பது. தமிழர் அதை நெடிலாக வாசிப்பார், மலாய்க்காரர் இரண்டாகப் பிரிப்பார். மன்னிப்புக்கான மலாய்ச் சொல்லை அவர்கள் ‘ம-அஃப்’ என்று பிரித்துச் சொல்வதைக் கவனித்தால் புரியும். தாராவில் இரண்டு ‘ஏ’ போட்டால் ‘த-அரா’ ஆகிவிடும்.

பூவை, பூமா மாதிரிப் பெயர்களில் ‘ஓ’வை இரட்டிப்பது. ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் அதைக் கழிவறைச் சொல்லாக்கிச் சிரிப்பார்கள். ‘யு’ ஒன்று போதும், மலாயில் அதன் ஒலி ‘உ’தான்.

ழகரம். யாழ், எழில், குழலி எல்லாம் எனக்கு மிகவும் பிடித்த பெயர்கள். ஆனால் ‘இசட், எச்’ என்று எழுதினால் இங்கே ‘யாஸ்’, ‘எஸில்’ என்றுதான் வாசிப்பார்கள். ‘எல்’ போட்டால் யால், எலில். இரண்டில் எந்தத் திரிபு உங்களுக்குப் பொறுக்கும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். இரண்டுமே பொறுக்காதென்றால் அந்தப் பெயரை விட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் கிளினிக் கவுண்டரில் நின்று ஒவ்வொரு தடவையும் திருத்தப்போவது நீங்கள் இல்லை, அவள்.

‘வி’ எழுத்தும் ‘டபிள்யூ’வும். வாணியை ‘டபிள்யூ’வில் எழுதினால் அது மலாய்ப் பெண்களுக்கு இருக்கும் ஒரு பெயராகத் தெரியும். பத்திரத்தில் ‘இன்னாரின் மகள்’ என்பதற்கான ‘ஏ/பி’ இருப்பதால் குழப்பம் நீடிக்காது, ஆனாலும் முதல் பார்வையில் வரும்.

6. அப்பா பெயரையும் தலைப்பெழுத்தையும் சேர்த்துப் பாருங்கள்

முதல் படியில் எழுதிய தாளை இப்போது எடுங்கள். அடையாள அட்டையில் பெயர், ‘ஏ/பி’, அப்பா பெயர் என்று வரும். சின்னப் பெயருக்கு நீளமான அப்பா பெயர் நன்றாகவே ஒட்டும், அதில் கவலை வேண்டாம்.

கவலை தமிழ்த் தலைப்பெழுத்தில். கட்டுரைப் போட்டி, திருக்குறள் போட்டி, பரிசுச் சான்றிதழ் எல்லாவற்றிலும் தமிழில் தலைப்பெழுத்தோடு எழுதுவார்கள். அப்பா சுப்பிரமணியம், மகள் மதி என்றால் ‘சு. மதி’, அது சுமதியாகிவிடும், பரவாயில்லை. அப்பா மூர்த்தி, மகள் தேவி என்றால்? ‘மூ. தேவி.’ எழுதிப் பார்க்காதவரை இது யார் கண்ணிலும் படாது. ஒரு தோழி வீட்டில் இதை நான் எழுதிக் காட்டியபோது அவளுடைய மாமியார் தாளைப் பிடுங்கிக் கிழித்தேவிட்டார். ஒரு நிமிட வேலைதான், ஒவ்வொரு பெயருக்கும் எழுதிப் பாருங்கள்.

செல்வி என்ற பெயருக்கு இன்னொன்று: கல்யாணமாகும்வரை அழைப்பிதழ்களில் ‘செல்வி செல்வி’ என்று வரும்.

7. நட்சத்திரமும் எண்ணும்

நட்சத்திரம் பிறந்த பிறகுதான் தெரியும். அதனால்தான் கடைசிப் பட்டியலில் நான்கைந்து பெயர் இருக்கும்போது அவை வெவ்வேறு எழுத்தில் தொடங்குவதாகப் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். ரோகிணி வந்தால் ‘வ’, ‘வி’ இருக்கிறது, வள்ளியும் விமலாவும் பொருந்தும். மகம் என்றால் ‘ம’, ‘மி’. எல்லாப் பெயரும் ஒரே எழுத்தில் இருந்தால் பிரசவ வார்டில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சில பாதங்களுக்கு எழுத்தே உதவாது. திருவாதிரையில் ‘ங’ வருகிறது, பூரத்தில் ‘ட’ வருகிறது. அதில் தமிழ்ப் பெயர் தேடி அலையாதீர்கள். பல வீடுகளில் அந்த எழுத்தில் ஒரு பெயரைப் பூசைக்கு மட்டும் சொல்லிவிட்டு, கூப்பிடும் பெயரைத் தனியாக வைக்கிறார்கள். இதைத் தொட்டில் நாளுக்கு முன்பே ஐயரிடம் பேசிவிடுங்கள்.

எண் கணிதம் பார்ப்பவர் ஓர் எழுத்தைச் சேர்க்கச் சொல்வார். அதற்கு நான் தடை சொல்ல மாட்டேன், நம்பிக்கை அவரவருடையது. ஒரே நிபந்தனை: அவர் தந்த எழுத்துக்கூட்டலை மறுபடி நான்காம், ஐந்தாம் படிகளுக்குள் ஓட்டிப் பாருங்கள். உமாவின் ‘யு’வை எடுத்துவிட்டு இரண்டு ‘ஓ’ போட்டால் எண் சரியாகலாம், ஆனால் அதை வாசிக்கும் மலாய் நர்ஸ் ‘ஓ-ஓமா’ என்பார். வேறு எழுத்துக்கூட்டல் கேளுங்கள், பெரும்பாலும் இன்னொன்று தருவார்கள்.

8. கடைசி இரண்டில் ஒன்று

எப்படி வடிகட்டினாலும் கடைசியில் இரண்டு நிற்கும். இந்தக் கட்டத்தில் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு ஓட்டுக் கேட்காதீர்கள். தோற்ற பெயருக்கு ஓட்டுப் போட்டவர் பத்து வருடத்துக்கு நினைவில் வைத்திருப்பார். அப்பா அம்மா இருவரில் ஒருவருக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்காத பெயர் இருந்தால் அதை மட்டும் இப்போதே எடுத்துவிடுங்கள்.

பிறகு மூன்று நாள் ஒரு பெயர், மூன்று நாள் அடுத்த பெயர். வயிற்றில் இருக்கும்போதே அப்படிக் கூப்பிடுங்கள், பிறந்துவிட்டால் பால் கொடுக்கும்போது, குளிப்பாட்டும்போது. கோபத்திலும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், அதுவும் வரத்தான் போகிறது.

ஆயர் ஈத்தாமில் என் சின்னத் தம்பி வீட்டில் கடைசியாக நின்றவை கோதையும் ரமாவும். இரண்டையும் தாளில் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்தார்கள். முதல் மூன்று நாள் கோதை. நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மூன்று நாள் ரமா. ஆறு நாளும் முடிந்து மறுபடி கோதையின் முறை வந்தபோது, தம்பி மனைவியின் பாட்டி வயிற்றைத் தடவிக்கொண்டே, “ரமா தூங்குறாளா?” என்று கேட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்று சாயங்காலம் எதிர் பிளாட் மலாய் ஆன்ட்டி வந்தவர் பெயரைக் கேட்டதும் இரண்டு கைகளையும் சிறகு மாதிரி அசைத்துக் காட்டினார். தம்பி எழுந்துபோய் ஐஸ்பெட்டியிலிருந்து கோதையை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ரமாவுக்கும் ஒரு குறை உண்டு: ரூமியில் அது ராமா என்றும் வாசிக்கப்படும். தெரிந்தே எடுத்தோம். குறையே இல்லாத சின்னப் பெயரை நான் இதுவரை பார்க்கவில்லை, அந்தக் குறை என்னவென்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.

9. பதிவு நாள்

பிறப்பைப் பதியும் ஜேபிஎன்.எல்எம்01 பாரம், மருத்துவமனை தந்த பிறப்பு உறுதிப்படுத்தும் தாள், இருவரின் அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், அம்மாவின் கர்ப்பகாலப் பரிசோதனைப் புத்தகம், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரை வாயால் சொல்லாதீர்கள். பெரிய எழுத்தில், தனித் தனி எழுத்தாக எழுதிய தாளை அதிகாரியிடம் நீட்டுங்கள். சரிபார்க்கச் சொல்லிக் காட்டும்போது விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள், இரட்டை எழுத்து இருந்தால் அதை இரண்டு தடவை. அப்பாமார் அந்த நேரத்தில் தங்கள் பெயரும் அடையாள அட்டை எண்ணும் சரியா என்று பார்த்துவிட்டுத் தலையாட்டிவிடுகிறார்கள், பிள்ளையின் பெயரைப் பார்ப்பதில்லை. பிறகு திருத்தப் போனால் பத்திரத்தோடு பிள்ளையின் அடையாள அட்டையான மைகிட்டையும் மாற்ற வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பிறப்புப் பத்திரத்தின் நகல் ஒன்று எடுத்து, அதன் பின்பக்கத்தில் தமிழ்ப் பெயரை அப்பாவின் தலைப்பெழுத்தோடு எழுதி வையுங்கள். ஒன்றாம் ஆண்டில் சேர்க்கும்போது ஆசிரியையிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். தொட்டில் நாளில் காதில் சொல்லப்போகும் அத்தைக்கும் அதையே காட்டிவிடுங்கள், எங்கே நெடில், எங்கே இரட்டை என்று அவருக்கும் தெரிய வேண்டும்.